ஆன்டெனாவுக்கு எந்தக் கம்பியும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெச்சூர் வானொலி பற்றி வந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். பள்ளிப் பிள்ளைகளின் கையில் கைப்பேசி மட்டுமே இருக்கும் காலத்தில், சொந்தமாக ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கட்டிக் கடல் கடந்து பேசலாம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னது நல்ல காரியம். ஆனால் ஆன்டெனா பற்றிய பத்தியில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் கடத்தும் எந்தக் கம்பியையும் இரண்டு உயரமான இடங்களுக்கு நடுவே கட்டிவிட்டால் போதும் என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள். நான் மின்பாதைப் பராமரிப்பில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அமெச்சூர் வானொலி உரிமமும் வைத்திருக்கிறேன். கம்பத்தின் மேலிருந்தும் பார்த்தவன், வானொலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தும் பார்த்தவன் என்ற முறையில், அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையாளர் ஏன் அப்படி எழுதினார் என்பது புரிகிறது. 100 வாட் டிரான்ஸ்மிட்டரை 50 ஓம் ஆன்டெனாவில் இணைத்தால் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.4 ஆம்பியர்தான். இன்றைய கைப்பேசி சார்ஜர்கள் பலவும் இதைவிட அதிகம் தருகின்றன. போதாக்குறைக்கு, வானொலி அலைவரிசையில் மின்னோட்டம் கம்பியின் உட்புறம் முழுவதும் பாய்வதில்லை, மேல்தோலிலேயே ஓடிவிடுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் செம்பில் சுமார் 0.025 மி.மீ., அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே மின்னோட்டத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் தலைமுடி போன்ற கம்பி கூட வேலை செய்யும். செய்யவும் செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் விதி எழுதியவர்கள் மின்னோட்டத்தைப் பார்த்துக் கம்பியின் தடிமனை நிர்ணயிக்கவில்லை. இதைத்தான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 1897-இல் தொடங்கி இன்றுவரை திருத்தப்பட்டு வருவது. அதில் வானொலி ஆன்டெனாக்களுக்கென்றே 810-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அமெச்சூர் நிலையங்களுக்கான கம்பி அளவை அந்தப் பிரிவு அட்டவணையாகவே தந்திருக்கிறது. அந்த அட்டவணையில் எத்தனை வாட் என்ற கேள்வியே கிடையாது. ஒரு தாங்கலுக்கும் அடுத்த தாங்கலுக்கும் நடுவே கம்பி எவ்வளவு தூரம் அந்தரத்தில் தொங்குகிறது, கம்பி எந்த உலோகம் என்று இரண்டு கேள்விகள்தான் இருக்கின்றன. 5 வாட்டில் பேசுபவருக்கும் 1,000 வாட்டில் பேசுபவருக்கும் ஒரே அளவுதான். ஏனென்றால் அந்த விதி அஞ்சுவது கம்பி சூடாவதை அல்ல, அறுந்து விழுவதை.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒலிபரப்பும் நிலையத்தின் ஆன்டெனா 150 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 45 மீட்டருக்குள் தொங்குவதாக இருந்தால், கெட்டியாக இழுத்த செம்புக் கம்பியும் சரி, செம்பு போர்த்திய எஃகுக் கம்பியும் சரி, குறைந்தது 14 கேஜ் இருக்க வேண்டும். கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண், எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 150 அடியைத் தாண்டினால் கெட்டிச் செம்பு 10 கேஜ், செம்பு போர்த்திய எஃகு 12 கேஜ். கேட்பதற்கு மட்டும் ஆன்டெனா கட்டுபவர்களுக்குச் சலுகை உண்டு. 35 அடிக்கு உட்பட்ட கெட்டிச் செம்புக்கு 19 கேஜ் போதும், 150 அடி வரை 14, அதற்கு மேல் 12. வழக்கமாக நாம் கட்டும் டைபோல், அதாவது நடுவில் கேபிளை இணைத்து இரு பக்கமும் கை போல நீட்டிக் கட்டும் கம்பி ஆன்டெனா, 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர், 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு 40 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் முதல் வரம்புக்குள் அடங்கிவிடும். 1.8 மெகாஹெர்ட்ஸ் டைபோல்தான் 80 மீட்டரை எட்டி, தடித்த கம்பி கேட்கும்.

இந்தக் கேஜ் எண்ணிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. மேலே சொன்னவை எல்லாம் அமெரிக்க அளவு. அதில் 14 என்பது 1.63 மி.மீ. விட்டம். பழைய பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அளவில் 14 என்பது 2.03 மி.மீ. பிரிட்டிஷ் 16-உம் அமெரிக்க 14-உம் ஏறத்தாழ ஒன்று. பிரிட்டிஷ் 12-உம் அமெரிக்க 10-உம் 2.6 மி.மீ. அளவில் நெருங்கி வரும். ஒரு புத்தகத்தில் பிரிட்டிஷ் எண்ணைப் படித்துவிட்டு அமெரிக்க எண்ணில் கம்பி வாங்கினால் நினைத்ததைவிட மெலிந்த கம்பிதான் கைக்கு வரும். எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். இனி இந்தப் பொருளில் எழுதும்போது தங்கள் நாளிதழும் மில்லிமீட்டரையே அச்சிட்டால் உதவியாக இருக்கும்.

அளவைவிடவும் முக்கியமானது கம்பியின் தன்மை. பெரும்பாலோர் ஆன்டெனாவுக்கு எடுப்பது வீட்டு வயரிங்கில் மிச்சமாகும் கம்பி. 2.5 சதுர மி.மீ. வயரை எடுத்துக்கொண்டால், செம்பின் பருமன் அமெரிக்க 14 கேஜைவிடக் கூடுதல். 14 கேஜின் குறுக்குப் பரப்பு 2.08 சதுர மி.மீ.தான். ஆகவே விதி நிறைவேறியது போலத் தோன்றும். ஆனால் வீட்டு வயரில் இருப்பது இளகிய செம்பு. குழாய்க்குள் வளைந்து நெளிந்து போக வேண்டும் என்பதற்காகவே சூடேற்றி மென்மையாக்கியது. விதி கேட்பது கெட்டியாக இழுத்த செம்பை. அதைக் கையில் எடுத்தாலே தெரியும், சுருளை அவிழ்த்ததும் ஸ்பிரிங் போலத் திமிறும். பிணைக்கச் சிரமம், முறுக்கச் சிரமம். அதனால்தான் ஆட்கள் அதைத் தவிர்க்கிறார்கள்.

வேறுபாடு எவ்வளவு என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல், 20 மீட்டர் இடைவெளி, 10 மீட்டர் உயரம். நடுவில், ஆன்டெனாவைப் பெட்டியுடன் இணைக்கும் ஆர்.ஜி. 213 வகைக் கோஆக்ஸியல் கேபிள் தரை வரை தொங்குகிறது. அந்தக் கேபிள் மீட்டருக்கு 150 கிராம் இருக்கும். ஆக நடுவில் ஒன்றரைக் கிலோ. கம்பியின் நடுப்பகுதி அரை மீட்டர் மட்டுமே தொய்யும்படி இழுத்துக் கட்டினால், கம்பியில் நிற்கும் இழுவை ஏறத்தாழ 17 கிலோ. ஒன்றரைக் கிலோ பாரம் 17 கிலோவாக மாறிவிடுகிறது. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று தொய்வைக் கால் மீட்டராக்கினால் இழுவை 34 கிலோவாகிறது. ஒரு மீட்டர் தொய்வு விட்டால் 8 அல்லது 9 கிலோவில் முடிந்துவிடும். தொய்வைப் பாதியாக்கினால் இழுவை இரட்டிப்பாகும் என்பதுதான் கணக்கு. மின்பாதை வேலையில் சேரும் எவருக்கும் முதலில் சொல்லித் தருவது இது.

இப்போது கம்பிக்கு வருவோம். கெட்டிச் செம்பில் 14 கேஜ் கம்பி அறுபட 95 கிலோவுக்கு மேல் வேண்டும். காற்று, கிளைகளின் அசைவு, காலப்போக்கில் வரும் தேய்மானம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் அன்றாட இழுவையாக வைக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் சொல்லும் அளவு. அதாவது சுமார் 10 கிலோ. ஒரு மீட்டர் தொய்வு விட்ட நமது டைபோல் அதற்குள் வந்துவிடுகிறது. அதே இடத்தில் 1.5 சதுர மி.மீ. இளகிய செம்பைக் கட்டினால், 10 கிலோவைத் தாண்டும்போதே அது நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். 33 கிலோ அளவில் அறுந்துவிடும். இழுத்துக் கட்டிய ஆன்டெனா இரண்டு வாரத்தில் தொங்கிப்போய்விட்டது என்று பலர் சலித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். 20 மீட்டரில் 30 செ.மீ. நீண்டால் 7.1 மெகாஹெர்ட்ஸில் நின்றது 7.0-க்கு இறங்கிவிடும். உடனே மறுபடியும் இழுத்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி மெலிகிறது.

செம்பு போர்த்திய எஃகு வலிமையில் கெட்டிச் செம்பைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மின்னோட்டம் மேல்தோலில் மட்டும் ஓடுவதால் உள்ளே எஃகு இருப்பதால் நட்டமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பிடிகுறடால் கவ்வி மேல் செம்பைக் கீறிவிட்டாலோ, சுருளில் மடிப்பு விழுந்தாலோ, அந்த இடத்தில் துரு உள்ளே இறங்கும். வெளியே பச்சை படிந்த செம்பாகத்தான் தெரியும், உள்ளே எஃகு அரிக்கப்பட்டிருக்கும்.

நடுவில் பாரம் தொங்கவிடாமல் ஒரு கம்பத்தில் மையத்தைத் தாங்கி, இரு கைகளையும் சரிவாக இறக்கிக் கட்டுவதே வீட்டில் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முறை. கேபிளின் பாரம் கம்பத்துக்குப் போய்விடும், கம்பியின் மேல் விழாது.

அறுபடும் இடம் எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், ஆர்வமும் திறமையும் உள்ளவர், பல இழை வயரில் டைபோல் கட்டியிருந்தார். ஒரு காற்று நாளில் அது அறுந்து, கீழே வீட்டுக்குப் போகும் மின்கம்பியின் மேல் விழுந்தது. அந்தக் கம்பியின் காப்புறை வெயிலில் வெடித்துப்போயிருந்தது. மின்சாரம் கேபிள் வழியாக மேசைக்கு வந்து அவருடைய பெட்டியைக் கருக்கிவிட்டது. அவர் அப்போது அறையில் இல்லை. அந்தக் கம்பித் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இன்சுலேட்டரை ஒட்டி ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். உருகிய ஈயம் இழைகளுக்குள் இரண்டு விரல் அகலம் ஊறிப்போய், அந்த நீளம் முழுவதும் ஒரே கட்டையாக இறுகியிருந்தது. ஈயம் முடிந்து இழைகள் தொடங்கும் இடத்தில், அளவெடுத்து வெட்டியது போல் அறுந்திருந்தது. காற்றில் ஆடும் கம்பி வளைய வேண்டியதெல்லாம் அந்த ஒரு கோட்டில்தான் வளைந்திருக்கிறது. இழைகளின் முனைகளில் பாதி கறுத்துப்போயிருந்தன, அவை முன்பே அறுந்தவை. மீதி மட்டும் பளபளத்தன. கீழேயிருந்து யார் பார்த்தாலும் அது நல்ல கம்பியாகத்தான் தெரிந்திருக்கும்.

810-ஆம் பிரிவு இதைப் பற்றியும் பேசுகிறது. அந்தரத்தில் தொங்கும் கம்பியில் ஒட்டுப் போடுவதாக இருந்தால் அது இயந்திர வலிமையோடு இருக்க வேண்டும், கம்பியைக் குறிப்பிடத்தக்க அளவு பலவீனப்படுத்தக் கூடாது என்கிறது. நடைமுறையில் இதன் பொருள், இழுவையைச் சுற்றுப் பிணைப்போ கிளாம்போ தாங்க வேண்டும், ஈயம் மின்தொடர்புக்கு மட்டும் இருக்க வேண்டும். கூடுமானவரை நடுவில் ஒட்டே வேண்டாம். ஒரே துண்டை இன்சுலேட்டரில் மடித்துச் சுற்றி, பற்றவைப்பதை இழுவை படாத வாலில் வையுங்கள்.

அடுத்தது, எதன் மேல் விழும் என்பது. மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஆன்டெனாவைக் குறுக்கே கொண்டுபோகாதீர்கள். மின்கம்பத்தில் கட்டாதீர்கள். வீட்டுக்கு மின்சாரம் வரும் குழாய்க் கம்பத்திலும் கட்டாதீர்கள், அமெரிக்க விதி அதை வெளிப்படையாகவே தடுக்கிறது. 250 வோல்ட்டுக்கு உட்பட்ட திறந்த மின்கம்பிகளின் அருகே போவது தவிர்க்கவே முடியாதென்றால் குறைந்தது 2 அடி விலகியிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நேரடியாகச் சொல்கிறேன், அந்த 2 அடி எனக்குப் போதாது. நான் எப்போதும் சொல்வது வேறு. உங்கள் ஆன்டெனாவின் எந்த முனை அறுந்தாலும், கம்பி முழு நீளத்துக்கும் எந்தப் பக்கம் வீசியடித்தாலும், மின்கம்பியை எட்டக் கூடாது. கம்பத்துக்கும் இதே கணக்குத்தான், எந்தத் திசையில் சாய்ந்தாலும் எட்டக் கூடாது. வீட்டு வயரின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். வெயிலில் வெடித்துப்போன உறையை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

கட்டி முடித்த பிறகு விழுவதைவிட, கட்டும்போது நேரும் விபத்துதான் கொடியது. மரத்தின் மேல் கயிறு எறியும்போது அது மறுபக்கம் மின்கம்பியில் போய் விழும். அலுமினியக் குழாயை இரண்டு பேர் நிமிர்த்தும்போது இருவர் கண்ணும் அடிப்பகுதியில் இருக்கும், நுனி எங்கே போகிறது என்று பார்க்க ஆளிருக்காது. மேலே பார்ப்பதற்கென்றே ஒருவர் வேலை எதுவும் செய்யாமல் நிற்க வேண்டும். மரத்தில் கட்டுவதாக இருந்தால் ஒரு முனையைக் கப்பியில் ஓடவிட்டு எடையைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது எடை ஏறி இறங்கும், கம்பியில் இழுவை கூடாது.

ஊட்டும் கம்பிக்கு, அதாவது பெட்டியிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் இணைப்புக்கு வருகிறேன். கோஆக்ஸியலில் மெலிந்த ஆர்.ஜி. 58-ஆ, தடித்த ஆர்.ஜி. 213-ஆ என்பது பெரும்பாலும் இழப்புப் பிரச்சினை. 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்.ஜி. 58 போட்டால் அனுப்பும் ஆற்றலில் கால் பங்குதான் ஆன்டெனாவை அடையும். அதை இத்துடன் விடுகிறேன். ஏணி போன்ற திறந்த இணைகம்பியைப் பயன்படுத்துபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே வரும் கம்பியும் ஆன்டெனாக் கம்பிக்குக் குறையாத தடிமனில் இருக்க வேண்டும் என்பது விதி. பரவலாகக் கிடைக்கும் 450 ஓம் இணைகம்பிகள் பலவற்றில் இருப்பது 18 கேஜ், அதாவது 1 மி.மீ.தான். அது நீண்ட தூரம் அந்தரத்தில் தொங்கக் கூடாது, இடையில் தாங்கல் கொடுங்கள். சுவரிலிருந்து 75 மி.மீ. விலகி ஓட வேண்டும். சுவருக்குள் நுழையும் இடத்தில் தீப்பிடிக்காத, ஈரம் உறிஞ்சாத காப்புக் குழாய் வேண்டும், அல்லது சுற்றிலும் 50 மி.மீ. இடைவெளி விட்டு உறுதியாகப் பிணைத்திருக்க வேண்டும், அல்லது துளையிட்ட கண்ணாடி வழியாக வர வேண்டும். தற்செயலாகக் கை படாத இடமாகவும் இருக்க வேண்டும். டைபோலின் முனைகளில் 100 வாட்டிலேயே பல நூறு வோல்ட் நிற்கும். வானொலி அலைவரிசையில் தொட்டால் ஷாக் அடிப்பதுபோல் இருக்காது, சதை வேகும். குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆன்டெனாவின் முனை வரவே கூடாது.

எர்த் கம்பியின் கணக்கு வேறு. இங்கே உண்மையிலேயே பெரிய மின்னோட்டம் வரலாம். பாதுகாப்பு எர்த் குறைந்தது 10 கேஜ் செம்பு, அதாவது 2.6 மி.மீ. வானொலிக்கென்று தனி எர்த் தண்டு மண்ணில் அடித்திருந்தால், அதையும் வீட்டு மின்சார எர்த்தையும் 6 கேஜ், அதாவது 4.1 மி.மீ. செம்பால் கட்டாயம் இணைக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். மின்சார இரைச்சல் வருகிறது என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். மின்னல் அருகில் இறங்கும்போது இரண்டு எர்த்துகளுக்கும் நடுவே பல்லாயிரம் வோல்ட் வேறுபாடு எழும், அந்த வேறுபாட்டுக்குப் பாலமாக நிற்பது உங்கள் பெட்டிதான். எர்த் கம்பியை நேராக, குறுகிய வழியில் இறக்குங்கள். ஒரு மீட்டர் நேர்க்கம்பிக்கே சுமார் ஒரு மைக்ரோஹென்றி தூண்டல், அதாவது மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் தன்மை, இருக்கிறது. 20,000 ஆம்பியர் ஒரு மைக்ரோ வினாடியில் எழுந்தால் ஒவ்வொரு மீட்டரிலும் 20,000 வோல்ட் நிற்கும். மிச்சக் கம்பியை அழகாகச் சுருட்டி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். நேரடி மின்னலை எந்த 10 கேஜும் வாங்கிவிடாது. மழைக்காலத்தில் கேபிளைக் கழற்றி, முனையை வீட்டுக்கு வெளியே எர்த்தில் மாட்டுங்கள். கழற்றி மேசையிலேயே போட்டு வைத்தால் கழற்றியதில் பயனில்லை.

இவ்வளவும் நிரந்தரமாகக் கட்டுபவர்களுக்கு. ஒரு நாள் வெளியே போய், மின்கம்பியே இல்லாத திறந்தவெளியில் மெல்லிய கம்பியை மரத்தில் போட்டுப் பேசிவிட்டு மாலையில் சுருட்டிக்கொண்டு வருபவர்களைத் தடுக்க நான் வரவில்லை. அங்கே 0.5 மி.மீ. கம்பியும் சரிதான். அக்கம்பக்கத்தார் கண்ணில் படக் கூடாது என்று அதே கம்பியை மொட்டைமாடியில் ஆண்டுக்கணக்கில் விட்டு வைப்பதுதான் தவறு. கண்ணில் படாத கம்பி, கூரையேறி வேலை செய்பவர் கண்ணிலும் படாது.

தங்கள் கட்டுரையைப் படித்து ஏற்கெனவே ஆன்டெனா கட்டிவிட்ட வாசகர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக ஒன்று சேர்த்து வெளியிடுங்கள். ஆன்டெனா அறுந்து மின்கம்பியில் கிடப்பதைக் கண்டால் கம்பியையோ, கேபிளையோ, பெட்டியையோ, எர்த்தையோ தொடக் கூடாது. குச்சியால் தள்ளுவதும் கூடாது. அந்த அறையை விட்டு எல்லோரையும் வெளியேற்றி, கம்பி கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டு, மின் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பாதையை அணைத்துவிட்டோம் என்று அவர்கள் நேரில் வந்து சொல்லும் வரை, கம்பி உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மெயினை அணைப்பது போதாது. மின்கம்பி மெயினுக்கு முன்னால் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்பாதை மேற்பார்வையாளர்,
தங்கள் நெடுநாள் வாசகர்